கடல்கோளும் கரைவளமும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்திலே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமும் அவ்வாறே எண்ணி நெய்தற்றிணை பற்றி எழுதத் தொடங்கினோம். எழுதுங்காலை, சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்து எம் எழுதுகோலை வேறு வழியிற் செலுத்திவிட்டது. அன்று நெய்தல் நிலத்துக் கருப்பொருள்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். வடமராட்சி கிழக்குக் கரையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், சுனாமிக்குப் பிறகு எங்கட அப்பாவுக்கு வள்ளம் தந்தவை, எஞ்சின் தந்தவை, வலையும் தந்தவை. மீனை மட்டும் ஒருத்தரும் தரேல்லை எண்டு அப்பா சொல்லுறவர்” என்றான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்று மாலை வீடு திரும்பும் வழியிலேதான் அச்சொல்லின் பொருள் எமக்கு உறைத்தது.

அனர்த்தமொன்று கரையை அழித்துச் சென்றபின், அழிந்தது எது, திரும்பக் கொடுக்கவேண்டியது எது, மனிதராற் கொடுக்கக்கூடியது எது என்பன வெவ்வேறு வினாக்களாம். இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி மயங்குவதனாலேயே உதவி செய்வோரின் நல்லெண்ணம் பலகால் பயன் குறைந்து போகின்றது. வள்ளத்தை ஒரு மாதத்திற் செய்து முடிக்கலாம். ஒரு சங்கு முழு வளர்ச்சி அடையப் பல ஆண்டு செல்லும். சைவ உணவினராகிய தமிழ் வாத்தியார் நண்டையும் சிப்பியையும் பற்றி எழுதப் புகுந்தாரே என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். நம் கோயில்களில் நாடோறும் ஊதப்படும் சங்கு மரத்திற் காய்ப்பதன்று. மூச்சடக்கி மூழ்கிய ஒருவன் மணலிலிருந்து எடுத்து வந்தது. சங்குப்பிட்டி, சங்குவேலி என ஊர்ப்பெயரிலும் அச்சொல்லை வைத்திருக்கும் நாம், அவ்வுயிர் எவ்வாறு பிறந்து வளர்கின்றது என்பதை ஒருமுறையேனும் அறிந்துகொள்ளல் தகும்.

கடல்கோள் என்பது பழந்தமிழ்ச் சொல். கடல் நிலத்தைக் கொள்ளுதலாதலின் கோள் என்றனர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் வருகின்றது. சுனாமி என்னும் யப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்பது பொருள். ஆழ்கடலில் நின்ற மீனவர் யாதும் அறியாதிருக்க, அவர் திரும்பி வந்து பார்க்கும்போது துறை மட்டும் அழிந்து கிடக்கும் என்னும் அநுபவம் அப்பெயரில் அடங்கியுள்ளது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் எழுந்த பெருநிலநடுக்கத்தின் அலை காலையில் நம் கிழக்குக் கரையை வந்தடைந்தது. இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 35,000 பேர் வரை. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல். பருத்தித்துறை முனையிலிருந்து மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, தாளையடி, உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு என நீளும் அக்கரையில் ஆழியின் கையிற் படாத குடும்பம் அரிது. உடுத்துறையில் உள்ள நினைவாலயத்திற்கு ஆண்டுதோறும் அந்நாளிற் கூடுவோர் இன்றும் கூடுகின்றனர். இன்று எம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் அதன்பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பாடம். அவர் பெற்றோருக்கோ அது நேற்று.

குடாநாட்டின் மேற்குக் கரையும் உட்கடலும் அன்று பெரும்பாலும் தப்பின. அலை வந்த திசைக்கு அவை மறைவாக இருந்தமையே காரணம். கிழக்கிலோ வெட்டவெளி. மணற்காட்டில் உயர்ந்த மணற்குன்றுகளும் சவுக்கங்காடும் உண்டு. இத்தகைய குன்றுகள் அலையின் வேகத்தைத் தடுப்பன என்பதை அறிந்தும், கட்டடம் கட்டவென்று மணலை அள்ளிச் செல்லும் உழவு இயந்திரங்களை நாம் தெருவிற் காண்கின்றோம். அதனை இவ்விடத்தில் விரிப்பின் கட்டுரை வேறாகிவிடும்.

அலை வந்து போனபின் உதவி வந்தது. உலகம் ஈந்தது. நம் பழைய மாணவர் பலரும், கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும், கேட்பதற்கு முன்னே கொடுத்தனர். அக்கொடையைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. நாட்டின் மீன்பிடிக் கலங்களுள் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தோ சேதமுற்றோ போயினவாகலின் வள்ளம் கொடுத்தது தக்கதே. ஆனால், வள்ளம் கொடுப்பது எளிது, அது கண்ணுக்குத் தெரியும், அதன் பக்கத்திற் பெயர் எழுதலாம், நிழற்படம் எடுக்கலாம். ஆதலின் எல்லோரும் வள்ளமே கொடுத்தனர். தென்னிலங்கைக் கரையோரங்கள் சிலவற்றில் முன்னிருந்ததினும் மிகுதியான சிறு கலங்கள் சில ஆண்டுகளுள் வந்து சேர்ந்தன. கலம் பெருகினால் வலை பெருகும். வலை பெருகினால் ஒவ்வொரு வலைக்குமுரிய பங்கு சிறுக்கும். சிறுத்த பங்கை ஈடுசெய்யக் கண்ணி சிறிய வலையை நாடுவர். இது பேராசையன்று, வயிற்றுக் கணக்கு.

நம் வடமராட்சி கிழக்கிலோ நிலைமை வேறு. அங்கே கொடுத்த வள்ளங்கள் கடலைக் காணுமுன் 2006இல் மீண்டும் போர் மூண்டது. ஏ-9 வீதி அவ்வாண்டு ஆவணியில் மூடப்பட்டது. கடலுக்குச் செல்லுதல் தடையுற்றது. மக்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தனர். 2009 வைகாசியிற் போர் முடிந்தபின்னரே படிப்படியாகத் திரும்பினர். முதலில் ஆழி, பின்னர் போர். மனிதர் கரையில் இல்லாத அவ்வாண்டுகளில் கடல் ஓய்வெடுத்திருக்கும், மீன் பெருகியிருக்கும் என எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழாமைக்குப் பாக்கு நீரிணையில் நிகழ்ந்தது ஒரு காரணம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இனி, கடல் தன்னைத்தானே எவ்வாறு தேற்றிக்கொள்கின்றது என்பதைக் காண்பாம். நிலத்திற் பயிர் அழிந்தால் விதை தேடுகின்றோம். கடலிலும் அவ்வாறே. ஆனால் கடலின் விதைகள் ஒரு தன்மையனவல்ல.

எருக்கம் விதையை நினைத்துக்கொள்க. பஞ்சு கட்டிக் காற்றில் ஏறி ஊர் கடந்து செல்லும். முத்துச்சிப்பியின் விதை அத்தகையது. அதன் இளமுட்டைகள் நீரிற் கலந்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களாய், ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். பின்னர்க் கல்லோ முருகையோ பழைய ஓடோ கிடைத்தால், நூல் போன்ற பற்றிழைகளால் அதனைப் பற்றிக்கொண்டு சிப்பியாய் அமரும். கிடையாவிடில் அழியும். ஆதலின் ஓரிடத்துச் சிப்பிப் படுகை முற்றாக அழிந்தாலும், தொலைவில் வேறொரு படுகை வாழுமாயின், பற்றுதற்குரிய கடுந்தரையும் இருக்குமாயின், மீண்டும் சிப்பி உண்டாகலாம்.

பனம்பழத்தை நினைத்துக்கொள்க. தாய்மரத்தின் அடியிலே தொப்பென விழும். எடுத்துச் செல்வார் இல்லையெனின் அங்கேயே வடலியாகும். சங்கு அத்தகையது. தாய்ச்சங்கு மணலடியில், ஆட்டுக்கடாவின் கொம்புபோல முறுகியதும் அறை அறையாக அடுக்கப்பெற்றதுமாகிய முட்டைக்கூடொன்றை ஊன்றி வைக்கின்றது. ஓரறையிற் பல முட்டைகள் இருப்பினும் சிலவே குஞ்சாகும். ஏனையவை அச்சிலவற்றுக்கு உணவாகும். குஞ்சுகள் வெளிவரும்போதே சிறு ஓட்டைச் சுமந்து ஊர்ந்து வெளிவருவன. மிதந்து தொலைசெல்லும் பருவம் அவற்றுக்கு இல்லை. எனவே ஒரு துறையிற் சங்கு ஒருமுறை முற்றாக எடுபட்டதாயின், அயல்துறையிலிருந்து ஊர்ந்து வந்து நிரம்பவேண்டும்; ஊர்தலின் வேகம் எவ்வளவென்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கடலிற் குளித்தெடுத்த சங்குகள் ஒருகால் வங்காளத்திற்குச் சென்று டாக்கா நகர்ச் சங்கறுப்போர் கையில் வளையலாயின. இச்சங்கு பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் என்பார் 1914இல் தனி நூலே எழுதினார். இளஞ்சங்கை எடுத்தலாகாது என்னும் விதி நெடுங்காலமாக இருந்து வருவதும் இந்தப் பனம்பழக் கணக்கினாலேயே என்க.

மூன்றாவது, நண்டும் இறாலும். இவை இருமனை வாழ்வின. இறால் ஆழ்கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சு அலையோடு கடல்நீரேரிக்குள் நுழைந்து, சாதாழையிடையிலும் கண்டல் வேரிடையிலும் மறைந்து வளர்ந்து, பருவமெய்தியபின் மீண்டும் கடலுக்குச் செல்லும். நீலக் கால்களையுடைய கடல்நண்டோ தன் சினையை வயிற்றடியிலே சுமந்து திரியும். ஒரு தாய் நண்டு சுமப்பன சில இலட்சம் முதற் பத்து இலட்சத்துக்கு மேலும் ஆகலாம். சினை முதலில் மஞ்சளாயிருந்து, பொரிக்கும் நாள் அணுகக் கருஞ்சாம்பல் நிறமாகும். மீனவப் பெண்கள் நிறத்தைப் பார்த்தே எத்தனை நாளிற் பொரிக்குமென்பதைச் சொல்லிவிடுவர். நண்டு ஓராண்டளவிற் பருவமெய்துவதாகலின், இடங்கொடுத்தால் விரைவிற் பெருகக்கூடியது அதுவே. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழின் சுவை நண்டையும் இறாலையும் பொறுத்தது என்று நண்பர் கூறக் கேட்டிருக்கின்றோம், கேள்வியறிவு மட்டுமே.

இம்மூவகை விதைகளுக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றுண்டு. அது படுக்கும் இடம். ஆழிப்பேரலை செய்யும் தீங்குகளுள் கண்ணுக்குத் தெரியாதது இதுவேயாம். அது ஓரிடத்து மணலை வாரி வேறோரிடத்தில் மூடுகின்றது. சாதாழைப் படுகையைப் பெயர்க்கின்றது. மரங்களையும் சுவர்களையும் கிழிந்த வலைகளையும் கரைவலைப் பாடுகளுக்குள் இழுத்துச் சென்று போடுகின்றது. அவ்விடத்தில் வலை வளைத்தால் மீனுக்கு முன் வலை கிழியும். எம் மாணவனின் தந்தையார் பின்னொருநாள் எம்மிடம், புதுவலை முதல் நாளிலேயே கிழிந்தது என்று சொன்னார். யாருடைய வீட்டுக் கூரையிலோ மாட்டிக் கிழிந்ததாம். அதனைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எம்மால் இயலவில்லை.

அழிந்த சிப்பிப் படுகையை மீளவும் உண்டாக்கும் முயற்சி நமக்குப் புதியதன்று. குடாநாட்டுக்குத் தெற்கே மன்னார்க் குடாக்கடலில், சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் நேராக, முத்துச்சிப்பிப் படுகைகள் உள்ளன. தமிழ்க் குளியாளர் அவற்றைப் பார் என்பர். ஆங்கில ஆய்வாளரும் வேறு சொல் தேடாது அச்சொல்லையே எடுத்தாண்டனர். 1891க்குப் பின் பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாய்க் கிடந்தன. காரணம் அறியுமாறு லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவரே மேற்கூறிய ஹோர்னெல். அவர்கள் கண்டது வியப்புக்குரியது. பெரியபார் என்னும் படுகையில் இளஞ்சிப்பி கோடி கோடியாக வந்து அமரும். சோழகம் வீசி அடங்கியதும் பார்த்தால் ஒன்றும் இராது. அப்பார் ஆழ்கடலின் விளிம்பிலே இருத்தலால் பருவக்காற்றின் அலை ஆண்டுதோறும் அவற்றை வாரிச் சென்றது. அஃதாவது ஒவ்வோராண்டும் அங்கே ஒரு சிறு கடல்கோள்!

ஹேர்ட்மன் கூறிய பரிகாரம் ஓர் உழவன் கூறக்கூடியதே. நாற்றுமேடையில் நெருங்கி முளைத்ததைப் பறித்து வயலில் நடுவதுபோல, பெரியபாரில் அழியப்போகும் இளஞ்சிப்பிகளைக் காலத்தோடு பெயர்த்துச் சேவல்பார் போன்ற பாதுகாப்பான படுகைகளில் இடவேண்டும். வெறும் மணலாகக் கிடக்கும் இடங்களிற் கல்லையும் ஓட்டையும் பரப்பிச் சிப்பி பற்றுதற்கு இடம் செய்யவேண்டும் என்றார். சிப்பி இடமாற்றும் முயற்சியும் நடந்தது. அதற்கிடையில் இயற்கையே கைகொடுக்க, 1903 முதல் தொடர்ந்து முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அச்செல்வத்தைக் கண்ட அரசினர் 1906இல் பார்களை ஒரு கும்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். 1907க்குப் பின் சிப்பி இல்லை. கும்பனி கலைந்தது. அடுத்த முத்துக்குளிப்புக்கு 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. சிப்பி மறைந்தமைக்கு மனிதர் எடுத்தது மட்டுமே காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். பார்கள் தாமே நிறைவதும் ஒழிவதும் பண்டுதொட்டு உள்ளதே. எனினும், தேறிவரும் ஆண்டின் விளைவைக் கண்டு அதுவே நிலைத்த வருமானம் என்று கணக்கெழுதினோர் ஏமாந்தனர் என்பது தெளிவு.

அலையைப் போலவே மழையும் ஓட்டுயிர்களுக்குக் கூற்றாகும். 2008 நவம்பரில் நிஷா என்னும் புயல் நம் குடாநாட்டை நீரில் ஆழ்த்தியது. 2020 டிசெம்பரிற் புரெவி வந்தது. அவ்வேளைகளில் நாம் வீட்டிற் புகுந்த வெள்ளத்தை மட்டும் கண்டோம். அவ்வெள்ளம் முழுவதும் பின்னர் எங்கே சென்றது? தொண்டைமானாற்று நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கும் சென்றது. பெரும்பாலும் ஓரிரு மீற்றர் ஆழமேயுள்ள உப்புநீரில் அத்துணை நன்னீர் ஒருங்கே கலந்தால் மீனும் நண்டும் இறாலும் ஆழ்கடலை நோக்கி ஓடித் தப்பும். மட்டி எங்கே ஓடும்? ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் பொறுத்திருக்கும். உப்பு மீளாவிடின் மூடியபடியே மடியும். அமெரிக்காவின் செசப்பீக்கு விரிகுடாவில் 1972 ஆனியில் ஆக்னஸ் என்னும் புயலின் வெள்ளம் புகுந்தபோது அங்குள்ள மட்டிகளும் சிப்பிகளும் பேரளவில் அவ்வாறே மடிந்தன.

ஆனால் மழை எப்போதும் கேடன்று. அளவான மாரிவெள்ளம் நிலத்துச் சத்தை நீரேரிக்குக் கொண்டு சேர்க்கும். அடைபட்ட முகத்துவாரத்தை உடைக்கும். இறால் நன்றாகப் படும். கேடு விளைவது நீர் போக்கும் வரவும் இழந்து தேங்கும்போதே. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களிற் கட்டி முடித்த தடுப்பணைகள் வயலுக்கும் கிணற்றுக்கும் நன்னீர் காக்கும் நோக்குடையன. பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954இல் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின் பெருமையை நாம் மறுப்போமல்லோம். அணைக்கதவைத் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் உழவரோடு மட்டும் கலந்து தீர்மானிப்பது போதாது, இறால் குஞ்சு உள்ளே வரும் காலத்தை அறிந்த தொழிலாளரையும் கேட்கவேண்டும் என்பதே எம் கருத்து. இருவரும் ஒரே ஊரார்தாம். ஒரே மேசைக்கு அழைக்கப்படுவது அரிது.

செசப்பீக்கில் அதன்பின் செய்தவற்றுள் ஒன்று நம்மவர் மனங்கொள்ளத்தக்கது. உண்டபின் எறியும் சிப்பி ஓடுகளை உணவுச்சாலைகளிலிருந்து திரட்டி, மீண்டும் கடலடியிற் பரப்புகின்றனர். புதுச்சிப்பி பழைய சிப்பியின் ஓட்டிலேயே விரும்பிப் பற்றும் என்பதே காரணம். நாமோ சிப்பியையும் ஊரியையும் முருகைக்கல்லையும் சூளையில் இட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் சுவருக்குச் சாந்தும் ஆக்கினோம். பாட்டனார் காலத்தில் அதற்குத் தேவை இருந்தது.

யப்பானிய மீனவர் கதை நம் கதைக்கு மிக அணித்தானது. 2011 மார்ச் 11ஆந் திகதி அந்நாட்டின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. மினமிசான்ரிகு என்னும் ஊரின் தொகுரா என்னும் பகுதியிற் சிப்பி வளர்ப்போர் தம் தெப்பங்களை முற்றாக இழந்தனர். அலைக்கு முன் அக்குடாவில் தெப்பங்கள் ஒன்றோடொன்று முட்டுமாறு நெருங்கியிருந்தன. உணவும் பிராணவாயுவும் போதாமையாற் சிப்பி வளர இரண்டு மூன்று ஆண்டு சென்றது. ஆட்களிடையே இட வழக்குகளும் இருந்தன. எல்லாம் அழிந்தபின் அவர்கள் கூடிப் பேசி, முன்னிருந்த தெப்பங்களின் மூன்றில் ஒரு பங்கையே மீள அமைப்பது என்று உறுதி பூண்டனர். எளிதில் உடன்பட்டிருக்கமாட்டார்கள், காணி எல்லை வழக்கை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு அதன் அருமை விளங்கும். பயன் என்ன? சிப்பி ஓராண்டிலேயே விற்பனைக்கு வளர்ந்தது. 2016இல், பொறுப்புடன் வளர்த்தமைக்கான பன்னாட்டுச் சான்றிதழை யப்பானில் முதன்முதற் பெற்றவர் அவர்களே. நிவாரணமாக முழு எண்ணிக்கைத் தெப்பங்களையும் வாங்கி, பழையபடி நெருக்கிக் கட்டியிருப்பின் இது நிகழ்ந்திராது.

அக்கரையிலேயே கெசன்னுமா என்னும் துறையில் வாழ்ந்த காலஞ்சென்ற ஹத்தகேயமா என்பார், தாம் சிப்பி வளர்ப்பவராயிருந்தும், 1989 முதல் மலையில் மரம் நட்டு வந்தார். காட்டிலிருந்து ஆறு கொண்டுவரும் சத்தே சிப்பியின் உணவு என்பது அவர் கண்ட உண்மை. அலை அவர் தொழிலையும் அன்னையையும் கொண்டது. காடும் ஆறும் நின்றன. கடல் விரைவில் தேறியது. நமக்கு மலையுமில்லை, ஆறுமில்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். நமக்கு அவற்றின் இடத்தில் நிற்பவை கண்டலும் சாதாழையுமே.

கண்டல் பற்றி ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். ஆழிக்குப்பின் இலங்கையெங்கும் கண்டல் நடும் ஆர்வம் எழுந்தது. பாடசாலைகளும் நட்டன. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர் நட்ட இடங்களைத் தேடிச் சென்று பார்த்து 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டயரே தேறியது. 23 இடங்களுள் 9இல் ஒரு கன்றேனும் பிழைக்கவில்லை. தவறான இடத்தில், நீர்மட்டம் அறியாமல், நட்ட நாளோடு கைவிட்டமையே காரணம். பின் பராமரித்த இடங்களிற் பிழைத்தன. கன்று நடும் விழாவுக்குப் பிரமுகரை அழைப்பவர், ஆறு மாதம் கழித்து ஆட்டையும் மாட்டையும் விலக்கக் காவலன் ஒருவனை அழைப்பதில்லை. நடாமலே, நீர் போக்குவரத்தைச் சீர்செய்து விட்டால், வித்து மிதந்து வந்து தானே முளைக்கும் இடங்களும் பல உள.

முன்னே கூறுவாம் என்றதை இனிச் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் நம்மவர் கடலுக்குச் செல்ல இயலாதிருக்க, தமிழகத்து இழுவைப் படகுகள் நம் பக்கத்து அடிநிலத்தை உழுதன. இழுவைமடி மீனை மட்டும் வாருவதன்று. சாதாழையையும் சங்குமுட்டையையும் குஞ்சையும் சேறோடு வாரும். பனம்பழ உவமையை இவ்விடத்து நினைவு கூர்க. இலங்கை அரசு அடிநில இழுவையை 2017இல் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் எல்லை கடந்து வருவோரால் வலைகளை இழந்து முறையிடுவோர் இன்றும் உளர். அங்கே இழுப்பவனும் தமிழன், இங்கே வலை இழப்பவனும் தமிழன் ஆதலின் நம் மேடைகளில் இதுபற்றிப் பேசுவோர் சொல்லைத் தேடுகின்றனர். நம் பக்கத்திலும் தடைசெய்த தங்கூசி வலையை மறைவில் இடுவோர் இலரா? உளர். அண்மை ஆண்டுகளில் நீரேரியில் வேலியடைத்துக் கடலட்டை வளர்க்கும் பண்ணைகள் தோன்றியுள்ளன. அவற்றால் வருவாய் உண்டு. ஆனால் களங்கட்டிக்கும் சிறகுவலைக்கும் உரிய பழைய வழிகளை அவ்வேலிகள் மறிப்பதாகப் பூசலும் உண்டு. பொது நீரை யாருக்கு எவ்வளவு அடைத்துக் கொடுப்பது என்பதை அவ்வூர்ச் சங்கங்களே முதலிற் பேசித் தீர்ப்பது முறை.

இவற்றுள் பெரும்பாலானவை அரசினர் செய்தற்குரியன. பழைய மாணவர் சங்கம் ஒன்று செய்யக்கூடியது யாது? இவ்விழாவையொட்டிக் கரையோர ஊர் ஒன்றுக்கு உதவ விரும்புவதாகச் செயலாளர் எம்மிடம் கூறினார். வள்ளம் வாங்கலாமா என்றும் கேட்டார். எம் விடை இதுவாகும்.

தாய்லாந்தின் கரையோர ஊர்களில் நண்டு வங்கி என ஒன்று உண்டு. வலையிற் சினை நண்டு பட்டால் மீனவர் அதனை உடனே விற்பதில்லை. கரையோரத்து நீரில் ஊன்றிய கூட்டிலோ தொட்டியிலோ சில நாள் வைத்திருப்பர். சினை பொரித்துக் குஞ்சு நீரிற் கலந்தபின் தாய் நண்டை எடுத்து விற்பர். பெருஞ்செலவில்லை, மூங்கில், வலை, தொட்டி, காற்றூட்டும் சிறு இயந்திரம் இவை போதும். இதனாற் கடல் நிறைந்துவிடும் என நாம் சொல்லவில்லை. பத்து இலட்சம் குஞ்சில் நண்டாய் வளர்வன கைவிரலில் எண்ணத்தக்கன. படுக்கச் சாதாழை இல்லையெனின் அவையும் இல. ஆனால் சினையோடு கொதிநீரில் இடுவதினும் இது மேல். மேலும், கூட்டைச் சுற்றிக் கூடுவோர் நண்டின் அளவையும் பருவத்தையும் பேசத் தொடங்குவர். கண்ணியின் அளவைப் பற்றிய பேச்சும் அங்கேதான் பிறக்கும்.

சென்ற ஆண்டு எம் மாணவனின் ஊருக்குச் சென்றிருந்தபோது இதனை அவன் தந்தையாரிடம் எடுத்துரைத்தோம். அவர் வலையைப் பொத்திக்கொண்டே கேட்டிருந்தார். இடையில் ஒருமுறையும் மறுத்துப் பேசவில்லை. முடிவில், “விடலாம் வாத்தியார். அஞ்சு நாள் கூட்டுக்க கிடந்தால் நண்டு மெலிஞ்சு போகும், சிலது சாகும். அந்தக் காசை ஆர் தருவினம்? அண்டைக்கும் அடுப்பெரியவேணுமே” என்றார்.

சங்கத்தார் கொடுக்கக்கூடியது அந்தக் காசே. வள்ளம் ஒன்றின் விலையை ஒரே நாளிற் கொடாது, ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்து, சினை நண்டைக் கூட்டில் விடுவோருக்கு மெலிவுக்கும் சாவுக்கும் ஈடாக நண்டொன்றுக்கு இவ்வளவு எனக் கொடுத்து வரலாம். கணக்கை எழுத நம் விஞ்ஞான மன்றத்து மாணவர் கிழமைக்கொருமுறை சென்று நண்டின் அகலத்தை அளந்து, சினையின் நிறத்தைக் குறித்து வரட்டும். மூன்று மாரி கடந்தபின் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்து, தொடர்வதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கலாம். கூட்டை எத்துறையில் எத்தனை பாக ஆழத்தில் ஊன்றுவது என்பதை மட்டும் நாம் சொல்லவேண்டியதில்லை. அதனை அவர்கள் சொல்வார்கள்.